கிளாம்புக்கு எண்ணெய் முழுக்கு

என்னிடம் ஆறு கிளாம்புகள் இருக்கின்றன. பசை பூசி ஒட்டிய இரண்டு மரத்துண்டுகளை, பசை காயும்வரை விலகவிடாமல் பிடித்திருக்கும் கருவி அது. நீண்ட இரும்புச் சட்டம், அதன் நுனியில் அசையாத தாடை ஒன்று, சட்டத்தின்மேல் முன்னும் பின்னும் ஓடும் தாடை இன்னொன்று, அந்த ஓடும் தாடையில் ஒரு திருகாணி. அகராதியில் இதற்கு 'இறுக்கி' என்றொரு சொல்லைக் கண்டு மகிழ்ந்து, வீட்டில் ஒருநாள் பாவித்துப் பார்த்தேன். "அது உங்கட பட்டப்பெயர் எண்டெல்லோ நினைச்சன்" என்றாள் மனைவி. அதன்பிறகு கிளாம்ப் என்றே சொல்லி வருகிறேன்.

புத்தக அலுமாரி ஒன்று என் கையாலேயே செய்யப்போவதாக அறிவித்துவிட்டுப் புறக்கோட்டையில் வாங்கியவை. கடை முதலாளி ஆறையும் தாளில் சுற்றிக்கொண்டே கேட்டார்: "பாஸுக்கா சேர்?" பாஸ் என்றால் இங்கே தச்சர்.

"இல்லை, எனக்குத்தான்."

அவர் என் கைகளைப் பார்த்தார். பேனாவைத் தவிர வேறெதையும் தூக்கியிராத கைகள். "நல்ல சாமான் சேர். வெள்ளவத்தைன்னா உப்புக் காத்து. பார்த்து வெச்சிக்கங்க" என்றார். செய்யப்போகும் அலுமாரியைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வியாபாரிகளுக்கு மனிதரைத் தெரியும்.

கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் இருக்கிறோம். இங்கிருந்து பார்த்தால் கடல் தெரியும் என்று சொல்லித்தான் வீட்டைத் தந்தார்கள். கடலுக்கும் எங்களைத் தெரியும் என்பதை யாரும் சொல்லவில்லை. யன்னல் கம்பி, காஸ் அடுப்பு, கதவுப் பிணைச்சல் என்று இரும்பு இருக்கும் இடமெல்லாம் தேடி வந்து துரு ஏற்றிவிட்டுப் போகிறது.

அதனிடமிருந்து கிளாம்புகளைக் காப்பாற்ற, தச்சர் ஒருவர் எழுதிய பராமரிப்புக் குறிப்பை இணையத்தில் தேடிப் பிடித்தேன். 'திருகாணிப் புரிகளுக்கு ஒரு துளி எண்ணெய் விடுங்கள்' என்று தொடங்கியது. விடயம் விளங்கிவிட்டதென்று மூடிவிட்டேன். நிறைய வாசித்தவன் என்று நண்பர்களிடையே எனக்கொரு பெயர் உண்டு. ஒவ்வொன்றிலும் எவ்வளவு தூரம் போனேன் என்று அவர்கள் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு. என் தலையில் எண்ணெய்க்கு வேலை குறைந்துவிட்டபடியால், மிஞ்சிய நல்லெண்ணெய் கிளாம்புகளுக்குப் போனது. ஒரு துளி என்பது கஞ்சத்தனமாகப் பட்டது. தாடை, திருகாணி, சட்டம் என்று உச்சி முதல் உள்ளங்கால்வரை தேய்த்துத் துணியால் மினுக்கி வைப்பேன். மூன்று வருடம் இப்படி. அலுமாரி வரவில்லை, துருவும் வரவில்லை. பாதி வெற்றி என்று வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் மாமாவின் கதிரை ஆட்டம் கண்டது.

மாமா, மனைவியின் தகப்பனார், எண்பதைத் தாண்டிய ஓய்வுபெற்ற தபாலதிபர். முழங்கால் இரண்டும் அவருக்கு முன்பே ஓய்வு வாங்கிவிட்டன. எங்கள் வீட்டில் அவர் தானாக எழும்பக்கூடிய கதிரை ஒன்றே ஒன்றுதான். மரக் கதிரை, அதன் வலது கையை ஊன்றித்தான் எழும்புவார். அந்தக் கை பொருத்துவாயில் கழன்றுவிட்டது.

ஒரு பின்னேரம் நான் கடையால் வந்தபோது அதில் இருந்தார். தண்ணீர்ப் போத்தல் எட்டாத தூரத்தில் இருந்தது. தன் மகள் அடுத்த அறையில் வகுப்பெடுக்கிறாள் என்று கூப்பிடாமல், எவ்வளவு நேரமோ அப்படியே இருந்திருக்கிறார். "பேப்பர் வாசிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். பேப்பரும் மேசையில்தான் கிடந்தது.

பிளாஸ்டிக் கதிரை வாங்குவோம் என்றாள் மனைவி. மாமாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "என்னட்டை ஆறு கிளாம்ப் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள். நம்பிக்கையோடு என்று சொல்ல மாட்டேன்.

ஞாயிறு காலை, மாமாவைச் சாப்பாட்டு மேசைக் கதிரைக்கு மாற்றினோம். பழைய பசையைச் சுரண்டி, பைண்டர் கம் பூசி, கையைப் பொருத்தி, முதல் கிளாம்பை வைத்துத் திருகினேன். மரம் இறுகத் தொடங்கியதும், ஓடும் தாடை 'டக்' என்று சறுக்கிப் பின்னால் போனது. மறுபடி திருகினேன். மறுபடி டக்.

"இது பழுது" என்று அடுத்ததை எடுத்தேன். அதுவும் டக். ஆறாவதற்கு வரும்போது வேர்த்துக் கொட்டியது. பசை ஓரங்களில் தோல் கட்டிக்கொண்டிருந்தது.

"ஆறும் ஒரே நாளில பழுதாப் போச்சோ, தம்பி?" என்றார் மாமா.

வகுப்பு இடைவேளையில் மனைவி எட்டிப் பார்த்தாள். உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவள். சட்டத்தை ஒரு விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"இதென்ன, நல்லெண்ணெய் மணக்குது? சட்டத்துக்கும் பூசினனீங்களோ?"

"ஓம். துரு பிடிக்காமல்."

"என்னப்பா, அந்தத் தாடை சட்டத்தில பிடிச்சு நிக்கிறதே உராய்விலதான். வழுக்கிறதுக்கு எண்ணெயும் பூசிப்போட்டு, வழுக்குது எண்டு கத்துறியள்."

"பிழை அவரில இல்லைப் பிள்ளை" என்றார் மாமா. "சனிக்குச் சனி முழுக்கு வார்த்தவர். சீயாக்காய் வைக்கத்தான் மறந்துபோனார்."

குளியலறையில் பாத்திரம் கழுவும் திரவத்தைப் போட்டு ஆறையும் தேய்த்தோம். மூன்று வருட நல்லெண்ணெய் பிசினாகிப் போயிருந்தது. ஈரம் போகத் துடைத்து, சட்டங்களில் அரத்தாளை ஒரு இழுப்பு இழுத்தோம். பாதி காய்ந்த பசையைத் திரும்பச் சுரண்டிப் புதிதாகப் பூசி, கிளாம்பை வைத்துத் திருகினேன். நின்றது. இன்னும் அரைச் சுற்று. பசை பொருத்துவாயால் மணிமணியாகப் பிதுங்கி வந்தது; தாடை அசையவில்லை.

மனைவி வகுப்புக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் சுவருக்கு அப்பாலிருந்து அவளுடைய குரல் கேட்டது: "ஒருத்தர் கிளாம்புக்கு எண்ணெய் பூசுறார் எண்டு வைப்பம்." பிள்ளைகள் சிரித்தார்கள். நான் அந்தத் தச்சரின் குறிப்பைத் திறந்து மிச்சத்தை வாசித்தேன். 'சட்டத்தில் மட்டும் எண்ணெய் படவே கூடாது' என்பது இரண்டாவது வாக்கியம்.

மறுநாள் காலை கிளாம்புகளைக் கழற்றி நிலத்தில் வைத்தேன். கதிரையின் கை மயிரிழை அளவு சரிந்துதான் ஒட்டியிருந்தது. மாமாவைக் கதிரையில் இருத்தினோம். உடனே எழும்பிக் காட்டுவார் என்று இருவரும் பக்கத்தில் நின்றோம்.

"என்ன, ரெண்டு பேருக்கும் குசினியில வேலையொண்டும் இல்லையோ?" என்றார்.

குசினிக்குப் போனோம். அவள் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். நான் தேத்தண்ணீர்க் கேத்தலைத் திறந்து உள்ளே பார்த்தேன். ஹோலில் கதிரை ஒருமுறை முனகியது. பிறகு சத்தமில்லை. அவள் குழாயை மூடினாள். கதிரை இன்னொரு தடவை, கொஞ்சம் நீளமாக முனகியது. அதன்பின் செருப்புச் சத்தம், இழுத்து இழுத்து, மேசைப் பக்கம் போனது.

"தம்பி" என்று கேட்டது குரல். "இந்த இரும்புகளை வழியில பரப்பி வைச்சிருக்கிறீர். மனிசர் நடக்கிறேல்லையோ?"

எடுக்கிறேன் மாமா என்றேன். ஆனால் உடனே போகவில்லை. அவர் நின்றபடியே இன்னும் கொஞ்சம் ஏசட்டும் என்றிருந்தது.