மூன்று கை உப்பு

செல்லம்மாக்கா சமைத்து முடித்ததும் அண்டாவின் விளிம்பில் கரண்டியை ‘டங், டங்’ என்று இரண்டு தட்டுத் தட்டுவார். திண்டுக்கல்லில் நான் வார்டனாக இருந்த பெண்கள் விடுதியில் நாற்பது பேருக்கும் அதுதான் சாப்பாட்டு மணி. வார்டன் வேலைக்கு இலக்கியப் பட்டம் போதும் என்று நினைத்திருந்தேன். எண்பதுகளில் ஒரு கோடையில் அக்கா கண்புரை அறுவைக்குக் கிளம்பினார். “சாப்பாடு கெட்டா சமையலைக் கான்ட்ராக்ட்ல விட்டுருவோம்” என்றார் விடுதிச் செயலாளர். அக்காவின் வேலை போய்விடும். ஒரு மாதம் நானே சமைக்கிறேன் என்று சொல்லி, அக்கா சொன்ன அளவுகளை நோட்டில் எழுதிக்கொண்டேன். சமையல் குறிப்பில் ‘உப்பு தேவையான அளவு’ என்று படித்துத் திகைத்தவர்களே, நீங்கள் எனக்குச் சொந்தம்.

உப்பு

“சாம்பாருக்கு மூணு கை, தாயி.” என் கை சின்னது என்று யோசித்து நான்கு போட்டேன். அவர் சொன்னது கல் உப்பு, நான் அள்ளியது பாக்கெட் தூள் உப்பு. வங்கியில் வேலை பார்த்த தமிழ்ச்செல்வி மெதுவாகத்தான் சொன்னாள்: “மேடம், இதுல முட்டையப் போட்டா மெதக்கும்.”

நேரம்

“பழனி வண்டி வந்து கூவுறப்ப அரிசியப் போடு. பொறப்பட்டுக் கூவுறப்ப வடிச்சிரு.” அன்று விடுதிக்குப் பின்னாலிருந்த ஸ்டேஷனுக்கு வந்த ரயில், எதிர் வண்டிக்காக வெகுநேரம் நின்றுவிட்டது. நானும் வாக்குத் தவறாமல் காத்திருந்தேன். அண்டாவில் பருக்கை என்று ஒன்றுமில்லை. நாற்பது பேரும் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தார்கள். செயலாளரிடம் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அந்த நன்றி எனக்கு இன்னும் தீரவில்லை. சாணார்பட்டிப் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் மட்டும் என்னிடம் கேட்டாள்: “போஸ்டர் ஒட்டுற பிரஷ் இருந்தாக் குடுங்க மேடம்.”

நிறை

மறுநாள் கல் உப்போடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் இரண்டு கண்ணையும் கட்டியிருந்தார்கள். அந்த முகத்தில் காது மட்டும் விழித்திருந்தது.

“வேலை போயிருமா தாயி?”

“சாம்பாருக்குப் போடுற மாதிரி அள்ளிக் குடுங்கக்கா” என்று உப்புப் பையை அவர் கையருகே வைத்தேன். மூன்று முறை அள்ளித் தந்தார். தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, திரும்பும் வழியில் மளிகைக்கடையில், அக்கா கையால் அள்ளியது என்று சொல்லி நிறுக்கக் கொடுத்தேன். கடைக்காரர் தராசைத் தட்டிப் பார்த்தார், எடைக்கல்லை மாற்றிப் பார்த்தார். “வார்டனம்மா, மூணும் ஒரே நிறை. கடை வச்சிருக்கது நானா, அவுகளா?”

ருசி

அதன்பின் தினமும் ஆஸ்பத்திரிக்கு அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள் என்று கொண்டுபோய், அவர் அள்ளியதையெல்லாம் நிறுத்து எழுதினேன். ஒரு ஞாயிறு, சொல்லாமல் கொள்ளாமல் செயலாளர் பந்தியில் வந்து உட்கார்ந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். இரண்டாம் முறை சாம்பார் கேட்டு வாங்கியவர், அடுப்படிப் பக்கம் திரும்பினார்: “செல்லம்மா அதுக்குள்ள வந்துருச்சா?”

கான்ட்ராக்ட் பேச்சு அதோடு நின்றது. அக்கா தடிக் கண்ணாடியோடு திரும்பி வந்து இன்னும் பதினாறு வருஷம் அங்கேயே சமைத்தார், என் நோட்டை ஒரு நாளும் பிரிக்காமல்.