பன்றிக்குக் காப்பு கட்டலாமா?

அட்டை கடித்தால் சுண்ணாம்பைத் தடவிவிட்டு மறந்துபோகிற ஆள் நான். இந்த முறை கணுக்காலில் கடித்த இடம் ஆறவே இல்லை. சீனி வியாதிக் கிளினிக்கில் டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு, "குளிசை இனிப் போதாது. இன்சுலின் ஊசி தொடங்கணும். இல்லன்னா காலுக்குத்தான் ஆபத்து" என்றார்.

வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தீக்குழி இறங்குகிறவன் நான். ஊசி என்றால் மட்டும் உள்ளங்கை வேர்க்கும். "யோசிச்சு சொல்றேங்க" என்று, பெண் பார்க்கப் போனவன் மாதிரி நழுவி வந்துவிட்டேன்.

பொகவந்தலாவை பஸ்ஸில் போனைத் தடவினால், அம்மனே அனுப்பியது போல ஒரு வீடியோ. பன்றியின் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற திட்டுகளைப் பிரித்தெடுத்து மனிதருக்கு வைத்துப் பார்க்கிறார்களாம். அது உள்ளே உட்கார்ந்து ஒழுங்காகச் சுரந்தால் தினமும் ஊசி வேண்டாமாம். பன்றி மேல் அன்றைக்கு வந்த பாசம் அதற்கு முன் வந்ததில்லை.

அதற்குள் அடுத்த பீதி. தீ மிதிக்கக் காப்பு கட்டினால் கறி, மீன் கூடாது. உடம்புக்குள்ளேயே பன்றி குடியிருந்தால்? வீட்டுக்குக்கூடப் போகாமல் கோயில் பூசாரியிடம் ஓடினேன்.

எல்லாவற்றையும் சொன்னதும், அவர் திரி திரித்துக்கொண்டே கேட்டார். "பன்னி எப்ப வருது?"

"இன்னும் ஆராய்ச்சியிலதாங்க இருக்கு."

"ஊசி?"

"அது கிளினிக்ல இருக்குங்க."

"காலைக் காட்டுங்க."

காட்டினேன். அவர் முகம் மாறியது. "இந்தப் புண்ணு ஆறாம காப்பு கட்ட மாட்டேன். நெருப்புல எறங்குற மனுசன், ஊசிக்குப் பயந்து பன்னிய இழுத்துக்கிட்டு வர்றீங்களே. வீட்டுல சொன்னீங்களா?"

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மனைவி சிரித்த சிரிப்பு லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது. மறுநாள் கிளினிக்குக்குப் போகும்போது, நான் வழியில் இறங்கிவிடாதபடி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்தாள்.

கடைசி முயற்சியாக டாக்டரம்மாவிடம் பன்றியைப் பற்றிக் கேட்டேன்.

"நல்ல விஷயந்தான். ஆனா உடம்பு அதை வெளியாள்னு விரட்டும். அதை அடக்க வேற மருந்து வேணும். அதோட, உள்ள ஏத்துறதும் ஊசியாலதான்."

பன்றியும் என்னைக் கைவிட்டது.

நர்ஸ் மிஸ்ஸி வயிற்றுச் சதையை எப்படிப் பிடிப்பது என்று காட்டி, ஊசியை என் கையிலேயே கொடுத்தார். கண்ணை மூடினால் எங்கே குத்துவேனோ என்று மூடவும் பயம். குத்தினேன். அட்டைகூட இதைவிட நன்றாகக் கடிக்கும்.

திருவிழாவுக்குள் புண் பாதிதான் ஆறியிருந்தது. பூசாரி என்னைக் குழியில் இறக்கவில்லை. ஏறி வருகிறவர்கள் காலில் பால் ஊற்றுகிற வேலையைக் கொடுத்தார். நானும் பக்தியோடு ஊற்றினேன். ஊற்றும்போதே ஒவ்வொருவரிடமும் மெதுவாகக் கேட்டேன்: "சீனி பார்த்தீங்களா?"