மூச்சு விடும் மலை

மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடமாக இயந்திரங்களைப் பூட்டிப் பழுதுபார்க்கும் பிட்டர் வேலை பார்ப்பவர் காளியப்பன். அவர் பராமரித்துவந்த இலை உருட்டும் இயந்திரங்கள் இரண்டைத் தான்சானியாவில் ஒரு தோட்டம் வாங்கியது. பூட்டி ஓட்டிக் காட்ட அவரையே அனுப்பினார்கள். அதுவரை அவர் விமானம் ஏறியதில்லை.

அந்தத் தோட்டம் ருங்வே என்ற எரிமலையின் சரிவில் இருந்தது. தோட்ட அதிகாரி குவாகிசா ஒருநாள் அவரைப் பாதை வெட்டிய இடத்துக்கு அழைத்துப் போனார். கறுப்பு மண்ணுக்குக் கீழே வெளிறிய நுரைக்கல் அடுக்கு. கையில் எடுத்தால் ரொட்டித் துண்டு போலக் கனமே இல்லை. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் மலை வெடித்தபோது வானத்திலிருந்து கொட்டியதாம். பக்கத்து மலை இருநூறு ஆண்டுகளுக்கு முன்புகூட நெருப்புக் குழம்பைக் கக்கியதாம். தேயிலை செழிப்பதே அந்தச் சாம்பல் மண்ணில்தான்.

“இப்போது அணைந்துவிட்டதா?” என்று தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார் காளியப்பன்.

“இல்லை, மூச்சு விடுகிறது” என்றார் குவாகிசா. வேடிக்கைப் பேச்சென்று காளியப்பன் சிரித்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, காற்றே அசையாத காலையில், கிரீஸ் கையைக் கழுவ ஓடையோரப் பள்ளத்தில் இறங்கினார். இரண்டு குருவிகள் செத்துக் கிடந்தன. என்னவென்று குனிந்தார், தலை சுற்றி, கால் மடங்கியது. மேலே நின்ற குவாகிசா மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். பூமிக்கடியிலிருந்து கசியும் கரியமிலவாயு, காற்றில்லாத வேளையில் பள்ளத்தில் தேங்கிவிடுமாம்.

மாலையில் மனைவி நளினிக்குப் போன் செய்தார்.

“செத்துப் பொழைச்சேன் புள்ள.”

“ஐயோ! ஒடனே கெளம்பி வந்துடுங்க லா!”

“உசிரக் காப்பாத்துன மனுசன். வேலைய அரைகுறையா விட்டுட்டு எப்படி வர்றது?”

இயந்திரங்கள் ஓடின. யாரும் கேட்காமலே, அந்தப் பள்ளத்தைச் சுற்றி இரும்பு வேலி பற்றவைத்துச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

மறுவருடம் குவாகிசா பயிற்சிக்காகக் கேமரன் மலைக்கு வந்தார். நளினி கோழிக்கறி ஆக்கி வைத்தாள். அங்கே கொழுந்து பறிக்கும் பெண்கள் அந்த வேலிக்கு ‘மலேசியா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள், மலேசியாவைச் சுற்றித்தான் வேலைக்குப் போகிறார்கள் என்று அவர் சொல்ல, காளியப்பன் தமிழில் எடுத்துச் சொன்னார். சிரிக்க ஆரம்பித்த நளினிக்கு அழுகை வந்துவிட்டது.

“இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க தம்பி” என்றாள்.

குவாகிசாவுக்கு அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. தட்டை நீட்டினார்.