துப்பிய வாய்க்கரிசி

வாடிய சம்பங்கி மாலைக்கு ஒரு வாசனை உண்டு. இனிப்புக்குள் அழுகல். பேருந்தில் பக்கத்துச் சீட்டில் யாரோ மடியில் வைத்திருந்தால் போதும், நான் இண்டூரில் அக்கா வீட்டில் இருப்பேன். மாமாவின் போட்டோவுக்கு உறவுக்காரர்கள் போட்ட மாலையை அவள் கழற்றி மூலையில் எறிந்திருந்தாள்.

மாமா லாரி ஓட்டியவர். தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து போய்விட்டார். துணியில் சுற்றித் தைத்துக் கொண்டுவந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. அக்கா வாய்க்கரிசியைத் துணிமேல் போட்டாள். அது சரிந்து தரையில் கொட்டியது.

அதற்குச் சில வருடம் முன்பு பென்னாகரம் பக்கம் ஒரு படம் எடுத்தார்கள். எங்கள் ஊர்த் தியேட்டர் எதற்கும் வராத படம். புருஷன் செத்ததை நம்பாத ஒருத்தி, தெரியாத சாவு வீடுகளுக்கெல்லாம் போய்ப் பிணத்தின் முகம் பார்க்கிறாள். ஒரு வீட்டில் பிணமாகக் கிடப்பவர் மாமா. ஊரில் வேறு யாரும் படுக்கச் சம்மதிக்கவில்லை.

"பொணமா நடிச்சா ஆயுசு கெட்டி மாப்ள" என்றார் என்னிடம். "அந்தம்மா நெஜ அரிசியவே வாயில போட்டுருச்சு. டைரக்டரு 'கட்'டுன்னதும் துப்பிட்டேன்!" பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

கருமாதிக்கு நாள் குறித்தாயிற்று. அக்கா தாலியைக் கழற்ற மாட்டேன் என்றாள். பேசிப் பார்க்கச் சொல்லிப் பெரியவர்கள் என்னை அனுப்பினார்கள்.

நான் வாய் திறக்குமுன் செல்போனில் அந்தப் படத்தை ஓட்டி நீட்டினாள். மாலைக்கடியில் மாமா. நெற்றியில் காசு. நடிகை குனிந்து அரிசி போடுகிறாள். அக்கா பின்னால் தள்ளினாள், மறுபடி ஓட்டினாள்.

"நெஞ்சப் பாரு."

"சினிமாக்கா அது."

"சினிமான்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன கிறுக்கியா? நெஞ்சப் பாருடா."

பார்த்தேன். மாலையில் ஒரு பூ எழுந்தது, தாழ்ந்தது. எவ்வளவு அடக்கியும் அடங்காத மூச்சு. என் நெஞ்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கியது, நிறுத்த முடியவில்லை.

"வுடறாரா, இல்லியா?"

"வுடறாருக்கா."

"போட்ட அரிசியவும் துப்பிட்டாரு. நான் போட்டது தரையில போச்சு. அப்புறம் எதுக்குடா என் கழுத்துல கை வெக்க வரீங்க?"

எழுந்தேன். கருமாதிவரை வாசல் தாண்டக் கூடாதவள் பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள், தாலியை எடுத்துச் சேலைமேல் போட்டுக்கொண்டு. பூக்கூடையோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். பஸ் கிளம்பும்போது சன்னல் கம்பியைப் பிடித்தாள்.

"போய் அவங்ககிட்டச் சொல்லு. நீயும் பாத்தேன்னு சொல்லு."