ரோல் இல்லாத கேமரா

அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்தில் மழை. பாபநாசம் பஸ் கிளம்பும்வரை டீக்கடையில் ஒதுங்கி நிற்கிறேன். கழுத்தில் என் புதுக் கேமரா. கறுப்புத் தோல், வெள்ளி விளிம்பு, மேலே எண்கள் பொறித்த திருகுகள் என்று பார்க்க அந்தக் காலத்துக் கேமராதான். உள்ளே இருப்பது பெரிய சென்சார் வைத்த ஃபுல் ஃபிரேம் டிஜிட்டல். வாங்கி ஒரு மாதமாக ஆற்றையும் மலையையும்தான் எடுத்திருக்கிறேன். மனிதர்களைக் கேட்டு எடுக்கக் கூச்சம்.

"அண்ணாச்சி, இதுக்கு இன்னும் ஃபிலிம் ரோல் கெடைக்குதா?" என்கிறார் டீ மாஸ்டர்.

வழக்கமாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். இன்று கேமராவுக்காக வாய் திறக்கிறேன். "ரோல் கிடையாது. டிஜிட்டல். புதுசு."

"மாப்பிள்ளைக்குத் தாத்தா சட்டையா வே!" என்கிறார் பெஞ்சில் இருப்பவர். கடையே சிரிக்கிறது. நானும் சிரித்துவிடுகிறேன். அந்தத் துணிச்சலில் மாஸ்டரிடம் கேட்கிறேன்: "உங்கள ஒரு படம் எடுக்கட்டுமா?"

அவர் டீ ஆற்றுவதை நிறுத்தி, கையைத் துடைத்து, சட்டையின் மேல் பொத்தானைப் போடுகிறார். "செல்ஃபோன நீட்டுனா நிக்க மாட்டேன். இதுக்கு நிக்கணும்லா."

திருகைத் திருப்பி ஒரே ஒரு படம் எடுத்து, பின்பக்கத் திரையில் காட்டுகிறேன். அந்த இருட்டுக் கடையிலும் நரைத்த மீசையின் ஒவ்வொரு முடியும் தெரிகிறது.

"ஏலே, நானா இது!"

அதற்குள் பஸ் நகர்கிறது. மாஸ்டர் வெளியே தலையை நீட்டிக் கத்துகிறார். "பொறும் வே! கேமராக்காரர் ஏறட்டும்!"

பஸ் நிற்கிறது. உள்ளே எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கேமரா நனையாமல் கையால் மூடிக்கொண்டு ஏறுகிறேன். இன்று தலை மட்டும் குனியவில்லை.