இடது பக்கம் விழும் மாம்பழம்

டிவியில் கேம் விளையாடினால் மூளை மழுங்கிப் போகும், கண் கெட்டுப் போகும் என்று கத்திக் கத்தியே என் மகனை வளர்த்தேன். இந்த வயதில் அதே மாதிரி ஒரு டிவிக்கு முன்னால் என் மனைவியை உட்கார வைத்து, "பிடி, பிடி, விட்டுடாதே!" என்று நானே கத்துவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அடித்திருப்பேன்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து கை கால் ஓரளவு தேறிவிட்டது. ஆனால் இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே அவளுக்கு இல்லாமல் போய்விட்டது. கண்ணில் கோளாறு இல்லை, கண் பார்ப்பதை மூளை கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்றார் டாக்டர். நான்கு இட்லி வைத்தால் வலப்பக்கத்து இரண்டைத் தின்றுவிட்டு, "இன்னும் ரெண்டு வைங்க" என்பாள். தட்டைத் திருப்பி வைத்தால், "எப்பங்க வெச்சீங்க?" என்று ஆச்சரியப்படுவாள். அவளுக்கு இடப்பக்கம் நான் நின்றால் நான் வீட்டிலேயே இல்லை என்று அர்த்தம். ஒரு நாள் இடது பர்னர் எரிவது தெரியாமல் சேலைத் தலைப்போடு அதன் மேல் சாய்ந்தாள். நான் பாய்ந்து இழுத்தேன். அதற்குப் பிறகு அவளை அடுப்படிக்குள் விடவில்லை.

பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையிலேயே காலம் தள்ளியவள் அவள். ஊசிமுனை அளவு ஓட்டைகூட அவளைத் தாண்டி பேக்கிங்குக்குப் போனதில்லை. அப்பேர்ப்பட்டவளுக்கு அந்தப் பாதி உலகம் திரும்பி வருமா, வராதா? எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

வீரபாண்டிப் பக்கம் ஒரு பிசியோதெரபி நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். அங்கே இருந்த பெண் தெற்கத்திக்காரி, என் மகள் வயதுதான் இருக்கும். கை கால் பயிற்சிகளை முடித்துவிட்டு, கடைசியில் இவளைப் பெரிய டிவி முன்னால் உட்கார வைத்தாள். டிவிக்கு மேலே ஒரு கேமரா. இவள் கையை எந்தப் பக்கம் நீட்டுகிறாளோ அந்தப் பக்கம் திரையில் ஒரு கூடை நகரும். மேலிருந்து மாம்பழம் விழும். பிடிக்க வேண்டும்.

"ஏம்மா, இது சின்னப் புள்ளைக வெளையாட்டல்லோ?" என்றேன்.

"மாம்பழம் எல்லாருக்கும் விழும், ஐயா. இவுகளுக்கு இடது பக்கத்துல விழுததும் தெரியணும்லா."

முதல் ஆட்டத்தில் இருபது விழுந்தன. வலப்பக்கம் பத்துக்கு ஒன்பது. இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை. "அவ்வளவுதானுங்களே விழுந்துது?" என்றாள் இவள், பெருமையாக.

அந்தப் பெண் ஏதோ அழுத்தினாள். திரையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு மின்ன ஆரம்பித்தது. கோட்டைக் கண்ணால் தேடிப் பிடித்துவிட்டு அங்கிருந்து ஆட வேண்டும். இவள் கழுத்து கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. இடப்பக்கம் ஒரு மாம்பழம் இறங்கியது. கூடை தயங்கியது, நகர்ந்தது, டிங்! நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். கபடியில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. "இடது! இன்னொண்ணு வருது பாரு! இடது!"

"ஐயா, சும்மா இருங்க. நீங்க கத்துனா அவுக உங்க சத்தத்துக்குத் திரும்புதாக. தானாத் திரும்பணும்."

வாயை மூடினேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

விஷயத்தைக் கேட்ட மகன் வெளியூரிலிருந்து, கேமராவோடு டிவியில் மாட்டும் அதே போன்ற கேம் பெட்டியை வாங்கி அனுப்பினான். "இப்ப மூளை மழுங்காதாங்கப்பா?" என்று போனில் ஒரு குத்தும் குத்தினான். தினமும் இரண்டே ஆட்டம், நடுவில் ஓய்வு என்று அந்தப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ஆனால் நான் புரொடக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தவன். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதியே பழகியவன். இடப்பக்கம் மூன்று பிடித்தாள், அடுத்து நான்கு, அடுத்து ஆறு. ஏறுகிற கணக்கை யாராவது நிறுத்துவார்களா?

"இன்னொரு ரவுண்டு, கண்ணு."

"ஏனுங்க, ஷிப்மென்ட்டு ஏதாச்சும் போகோணுமா?"

"கடைசி ரவுண்டு."

"ஓவர்டைமுக்கு டீ, பன்னாவது தருவீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் ஆடினாள். பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தவள், சாப்பிடக்கூட எழவில்லை. மறுநாள் காலையில் இடப்பக்கம் ஒரு மாம்பழம்கூடப் பிடிக்கவில்லை. சிவப்புக் கோடே தெரியவில்லை என்றாள். வந்ததையும் நானே துரத்திவிட்டேனோ?

அரக்கப்பரக்க நிலையத்துக்கு ஓடினோம். நடந்ததைக் கேட்டதும் அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் ஒரு மாத்திரைன்னு எழுதியிருந்தா நீங்க அட்டையோட குடுப்பியளா? மூளைக்கும் அசதி உண்டு, ஐயா. ஆடுததுல பாதி பலன்னா, மீதி ஆடிட்டு ஓய்வா இருக்கதுலதான். ரெண்டு நாள் பெட்டியத் தொடாதிய, சரியாயிடும்."

சொல்லிவிட்டு இவளுக்கு பிரஷர் பார்த்தாள். சரியாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று எனக்கும் பார்த்தவள் முகம் மாறிவிட்டது. "விளையாடுதது அவுக, ஏறுதது உங்களுக்கா? அடுத்த தடவை நீங்க வெளியிலதான் உக்காரணும்."

பெட்டியைத் துணி போட்டு மூடி வைத்தேன். அடுத்த முறை போனபோது, சொன்னபடியே என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கதவை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. உள்ளேயிருந்து சத்தம் மட்டும் வந்தது. பிடித்தால் டிங். தவறினால் பொத். டிங், டிங், பொத், டிங். எத்தனை என்று எண்ணிவிடலாம், எந்தப் பக்கம் என்று எப்படித் தெரியும்? எல்லாமே வலப்பக்கமாக இருந்தால்? ஒரு இடத்தில் டிங் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. நான் எண்ணுவதை விட்டுவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவு திறந்தது. இவள் மெதுவாக வெளியே வந்தாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நான் உட்கார்ந்திருந்தது அவளுக்கு இடப்பக்கம். கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. என்னைத் தாண்டி நேராகப் போய்விடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நின்றாள். கழுத்து திரும்பியது. என் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து பார்வை என் சட்டைக்கு இறங்கியது. இடது கையைத் தூக்கி, ஒரு விரலை என் சட்டைப் பையின் மேல் வைத்தாள்.

"ஏனுங்க, இதென்ன சாம்பாருங்களா? இப்பிடியேவா பஸ்ஸுல வந்தீங்க?"

குனிந்து பார்த்தேன். கறைதான். துவரம்பருப்பு அளவுகூட இருக்காது.

கதவருகே நின்ற பெண்ணிடம் திரும்பி, "இந்தப் பீஸு ரிஜெக்ட்டுங்க, அம்மிணி" என்றாள்.

நான் துள்ளி எழுந்தேன். அவளுக்கு இன்னும் நன்றாக இடப்பக்கம் நகர்ந்து நின்று, சட்டையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தேன்.

"இன்னும் பாரு புள்ள, இன்னும் என்ன இருக்குதுன்னு பாரு!"

அவள் கண்ணைச் சுருக்கி, மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"கீழ ஒரு பட்டன் இல்லீங்க," என்றாள். "காலரு நைஞ்சு போச்சு. ஆடாம நில்லுங்க, இன்னும் முடியல."