முனியாண்டி மரத்தடியில் அப்பாவின் மோட்டார் சைக்கிள்

சூடேறிய என்ஜினில் ஒட்டிய சேறு காய்ந்து கருகும்போது ஒரு நெடி வரும். மண்ணும் எண்ணெயும் கலந்த அந்த நெடி, காஜா பெராங்கில் எங்கள் வீட்டு வாசலில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தவறாமல் வந்து நிற்கும். அம்மா போடும் சாம்பிராணி அதனோடு மல்லுக்கட்டிப் பார்த்துப் பெரும்பாலும் தோற்றுப்போகும். "இது வீடா, பட்டறையா?" என்று அம்மா உள்ளிருந்து கேட்பாள். அப்பா காதில் விழாதவர் போலச் சக்கரக் கம்பிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மெர்டேக்கா என்று மலாயில் சொல்லும் சுதந்திரம் நாட்டுக்கு வந்த புதிது. அப்பாவுக்குத் தண்ணீர் இலாகாவில் குழாய் பார்க்கும் வேலை. குழாய் போகிற காடு மேடெல்லாம் அவரும் போக வேண்டும் என்பதால், பட்டாளத்தார் கழித்துப்போட்ட ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, தானே பிரித்து, தானே பூட்டி, புக்கிட் பாருவுக்கும் அதற்கப்பாலும் ஓட்டிப் பழகியிருந்தார். கூட்டத்தில் பேச்சு வராத மனிதர். உறவினர் வீட்டு விசேஷங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருப்பார். வண்டியில் ஏறிவிட்டால் மட்டும் முதுகு நிமிர்ந்து வேறு ஆளாகிவிடுவார்.

அந்த நாட்களில் குனோங் லெடாங் மலையடிவாரத்தில் ஆண்டுக்கொரு முறை ஒரு மோட்டார் சைக்கிள் போட்டி நடக்கும். வேகப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். பாறை, ஓடை, வேர், வழுக்கல் என்று கட்டம் கட்டமாகக் கயிறு கட்டி வைத்திருப்பார்கள். அதற்குள் மெதுவாக, கால் தரையில் படாமல் ஏறிப் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை கால் ஊன்றினால் ஒரு குறைப் புள்ளி, வண்டி நின்றுபோனாலோ இறங்கினாலோ ஐந்து. கடைசியில் யாருக்குக் குறை குறைவோ அவருக்குக் கிண்ணம். தோட்டத்துத் துரைகளும் பட்டாளத்துச் சிப்பாய்களும் போலீஸ்காரர்களும் எங்கள் அப்பாவைப் போன்ற சம்பளக்காரர்களும் சரிசமமாகச் சேறு பூசிக்கொள்ளும் ஒரே இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அப்பாவுக்குத் துணையாகப் போகிறவர் பக்கத்து வீட்டுத் தேவன் மாமா. அவர் சிட்டி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர் வம்சம். கோயில் காரியங்களில் எங்களைவிடக் கெடுபிடி, ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான். அப்பாவின் கால் லேசாக அசைந்தாலே "காக்கி! காக்கி!" என்று கத்துவார். காக்கி என்றால் கால். அந்தக் கூச்சலைப் பிடித்துக்கொண்டு, தெருப் பெண்பிள்ளைகள் நாங்கள் "லொங்காங்" என்று சொல்லும் சாக்கடையின் மேல் பலகை போட்டு, அதில் சைக்கிள் ஓட்டி, கால் ஊன்றியவளைப் பார்த்து "காக்கி!" என்று கூவிச் சிரிப்போம், பலகையிலிருந்து விழுந்தவள் நாறிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஒரு வருஷம் அந்தப் போட்டியில் அப்பா பாறையிலிருந்து உருண்டு காறை எலும்பை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு கிடந்தவருக்கு அம்மாதான் சோறு ஊட்டினாள். ஊட்டும்போது ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. கட்டு அவிழ்த்த மறுநாள் அவரை அம்மன் கோயிலுக்கு அழைத்துப்போய்ச் சன்னதியில் நிறுத்தி வாக்கு வாங்கினாள். இன்னும் ஒரே ஒரு போட்டி. அதில் கிண்ணம் வந்தால் வண்டி இருக்கலாம். வராவிட்டால் விற்றுவிட வேண்டும். உஜோங் பாசிர் மீன்காரர் ஒருவர் வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பின்னால் மீன் பெட்டி எங்கே பூட்டலாம் என்று சாண் போட்டு அளந்துவிட்டும் போனார். அன்று நான் சாப்பிடாமல் அழுதேன். அப்பா சாப்பிட்டார், ஆனால் என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கடைசிப் போட்டிக்கு அம்மாவும் கிளம்பினாள். "கீழ விழுந்தா அள்ளிட்டு வர ஆள் வேணாமா?" என்றாள். தேவன் மாமா பிடித்த லாரியில் எலுமிச்சைச் சாதத் தூக்கோடு ஏறி, போய்ச் சேர்ந்ததும் குடையை விரித்து மலைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். முதல் கட்டத்தில் அப்பா கால் ஊன்றாமல் ஏறினார். அம்மா திரும்பவில்லை. இரண்டாவதில் கூட்டம் கை தட்டியபோது, குடையை வெயிலுக்குத் தகுந்தாற்போல் மாற்றுகிறவள் போல் கொஞ்சம் திரும்பினாள். மத்தியானத்துக்குள் குடை மடங்கிவிட்டது. "அந்த வெள்ளைக்காரச் சிப்பாய்க்கு எத்தனை?" என்று என்னிடமே கேட்க ஆரம்பித்துவிட்டாள். கடைசிக் கட்டத்துக்கு முன்னால் அந்தச் சிப்பாயைவிட அப்பா ஒரே ஒரு புள்ளி நல்ல நிலையில் இருந்தார்.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வினை இருந்தது. கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாக ஓடையைத் தாண்டி ஏறும் வழியில் ஒரு பெரிய மரம், அடியில் சிவப்புத் துணி சுற்றிய சூலம், அதன் முனையில் எலுமிச்சம்பழம். கயிறு கட்டிய துரைமார்களுக்கு அது வெறும் மரம். எங்கள் ஆட்களுக்கு அது முனியாண்டி. முனியாண்டிக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி யாரும் போக மாட்டார்கள்; இறங்கி, கும்பிட்டு, தள்ளிக்கொண்டு கடந்து, பிறகுதான் ஏறுவார்கள். வேலைக்கு நேரமானாலும், இலாகா துரை பின்னால் காரில் வந்தாலும், அப்பா இதைத் தவறவிட்டதே இல்லை. காலையில் தடத்தை நடந்து பார்த்தபோதே அவர் மரத்தைப் பார்த்துவிட்டார். துரையிடம் சொல்லி வழியை மாற்றச் சொல்லும்படி தேவன் மாமா நச்சரித்தார். அப்பாவுக்கு வாய் வரவில்லை.

அவருக்கு முன்னால் வந்த தோட்டத்து இளைஞன் ஒருவன், ஏற்கெனவே நிறையப் புள்ளிகளை இழந்தவன், மரத்தடியில் நிம்மதியாக இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனான். சிப்பாய்க்கு எந்தச் சங்கடமும் இல்லை. கால் ஊன்றாமல் ஏறிவிட்டான். அப்புறம் அப்பா. ஓடையைத் தாண்டி, வழுக்குப் பாறையில் ஏறி, மூச்சுவிடுவது போன்ற மெல்லிய என்ஜின் சத்தத்தோடு மேலே வந்தார். மரம் நெருங்கியது. தோட்டத்து ஜனங்கள் அத்தனை பேரும் கயிற்றை நெருங்கி வந்தார்கள். அவர் இறங்க வேண்டும் என்றும் இறங்கக் கூடாது என்றும் ஒரே நேரத்தில் எல்லோரும் நினைத்தார்கள். வண்டி தயங்கியது. அவருடைய இடது கால் மெல்லக் கிளம்புவதை நான் பார்த்தேன்.

அப்போது என் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அம்மா எழுந்து நின்றிருந்தாள்.

"கால வைக்காதீங்க! நீங்க பாட்டுக்குப் போங்க! சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்!"

நாலு பேர் நடுவில் அம்மா குரல் உயர்த்தி அப்பா கேட்டதே இல்லை. திகைத்துப்போய்த் திரும்பிப் பார்த்தார். முன்சக்கரம் வேரில் இடித்தது, என்ஜின் செத்தது, முனியாண்டிக்கு நேர் முன்னால் இரண்டு காலும் தரையில் பட அப்பா நின்றார். ஐந்து புள்ளி. கிண்ணம் போயிற்று. நின்றதுதான் நின்றோம் என்று அவர் இறங்கி, கைகூப்பி, முறைப்படி வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அம்மா கத்தியிருக்காவிட்டால் அவர் இறங்கியிருப்பாரா, ஏறிப் போயிருப்பாரா என்பதைக் கடைசி வரைக்கும் அவர் யாரிடமும் சொல்லவில்லை.

சிப்பாய்க்குக் கிண்ணம் கொடுத்துக் கைதட்டிக்கொண்டிருந்தபோது அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த மரத்தடிக்குப் போனாள். வெகு நேரம் நின்றாள். உதடு அசைவது தெரிந்தது, கேட்கவில்லை. திரும்பி வந்து, ஒன்றுமே நடக்காதது போல் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதம் போட்டாள்.

அடுத்த வாரம் மீன்காரர் பெட்டியோடும் பூட்டும் சாமான்களோடும் வந்துவிட்டார். அப்பா சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவதற்குள் அம்மா முந்திக்கொண்டு "தாக் ஜுவால்" என்றாள். விற்கிறதில்லை. மீன்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அப்பா சாவியோடு நின்றார்.

"அம்மன்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார்.

"நான் முனியாண்டிகிட்ட பேசிட்டேன். அவங்க ரெண்டு பேரும் பேசிக்குவாங்க. நீங்க உள்ள வாங்க, காப்பி ஆறுது."

அதன் பிறகு பல வருஷங்கள் அந்த வண்டி எங்கள் வாசலில் நின்றது. சாம்பிராணியும் சேறும் சமாதானமாகிவிட்டன. ஆண்டுக்கொரு தடவை அம்மா பின்னால் உட்கார, இருவரும் அந்த மரத்தடிக்குத் தேங்காய் உடைக்கப் போய்வந்தார்கள்.

சென்ற ஆண்டு நான் அந்தப் பக்கம் போயிருந்தேன். கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்துவிட்டது. ஓடையைக் குழாய்க்குள் விட்டுவிட்டார்கள், வழுக்குப் பாறை சாலைக்கு ஜல்லியாகியிருக்க வேண்டும். முனியாண்டிக்கு ஓடு பதித்த மண்டபமும் இரும்புக் கதவும் ஆகியிருக்கின்றன. முன்னால் கார்கள் சர்சர்ரென்று போகின்றன, யாரும் இறங்குவதில்லை. அப்படி ஒரு போட்டி நடந்த விஷயமே அங்கே யாருக்கும் தெரியவில்லை.

அப்பா காலமான பிறகு ஒரு நாள், அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, அன்று சாமியிடம் அப்படி என்னதான் பேசினாய் என்று கேட்டேன். ஏதோ பிராயச்சித்தம் வேண்டியிருப்பாள் என்றுதான் அத்தனை காலமும் நினைத்திருந்தேன். அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்கப்பா அந்தப் பாறமேல ஏறி வந்தப்போ அவர் மொகத்தப் பாத்தியா நீ? கல்யாணமாகி அத்தன வருசத்துல அந்த மொகத்த நான் பாத்ததே இல்ல. இத எங்கிட்டருந்து எடுத்துக்காத சாமின்னு கேட்டேன். வேற என்ன கேக்கறது?"